மாடிவீட்டு வார்டு

"ஒண்ணாம் பெட், சமையலறைக் குழாய். காலையிலேர்ந்து ஒரு சொட்டு ரத்தம்கூடப் போகல. ரெண்டாம் பெட், ஃபிரிட்ஜ். யாரோ கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு யோசிச்சதால கொஞ்சம் ஜுரம்."

"யாரு யோசிச்சது?"

"அப்பா."

ஏழு வயது மிளகு இதை வாசலிலேயே நின்று ஒப்பித்தாள். கழுத்தில் பழைய ஸ்டெதஸ்கோப் ஒன்று முழங்கால்வரை தொங்கியது. அவள் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல், தோள்பையோடு நின்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குக் குழந்தைகள் வார்டில் வேலை. அங்கே ஷிஃப்ட் மாறும்போது, போகிற நர்ஸ் வருகிற நர்ஸிடம் கட்டில் கட்டிலாக நின்று ஒவ்வொரு நோயாளியையும் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். யார் சாப்பிட்டார்கள், யாருக்கு ஜுரம், யார் ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்தார்கள் என்பது வரைக்கும் சொல்ல வேண்டும். அந்த வழக்கம்தான் இப்போது வீட்டுக்கும் வந்திருந்தது.

"மூணாம் பெட், குப்பைக்கூடை. அஜீரணம்," என்றான் அவள் தம்பி, நான்கு வயது உருண்டை. பெயருக்கேற்ற உடம்பு. "காய்த்தோலோட பிஸ்கட் கவரையும் தின்னுடுச்சு. நான் வாய்க்குள்ள கைய விட்டு எடுத்துட்டேன்."

"கைய கழுவினியா டாக்டர்?"

"மக்ல தண்ணி எடுத்துக் கழுவினேன். மிச்சத்தைச் செடிக்கு டிரிப்ஸ் ஏத்திட்டேன்."

சோபாவில் இருந்து ஒரு குரல் வந்தது. "சிஸ்டர், இந்த வார்டுல அட்டெண்டருக்கு ஒரு டீ கிடைக்குமா? இல்ல, அதுக்கும் டாக்டர் எழுதித் தரணுமா?"

அது அப்பா. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாளெல்லாம் அடுத்தவர் ஓட்ட, பக்கத்து சீட்டில் பிரேக்மேல் காலை வைத்து உட்கார்ந்து பழகியதால், வீட்டிலும் ஏதாவது கீழே விழப் போனால் அவன் கை நீளாது, வலது கால்தான் தரையை அழுத்தும். பால் பொங்கினாலும் அப்படித்தான்.

இந்த வார்டு சுலபமாகத் திறந்ததல்ல. முதலில் மிளகின் அம்மாவும் எல்லா அம்மாக்களையும் போலத்தான் பேசிப் பார்த்தாள். தண்ணீரை வீணாக்காதே, விளக்கை அணை, நாளைக்கு உலகத்துக்கே இல்லாமல் போய்விடும் என்று தொண்டை வறளச் சொன்னாள். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு கொட்டாவி விட்டார்கள். உலகம் அவர்களுக்கு எங்கோ இருந்தது. பிறகு ஒரு நாள், சொட்டிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்து உருண்டை, "அதுக்கு வலிக்குதாம்மா?" என்று கேட்டான். இன்னொரு சொற்பொழிவுக்கு வாயைத் திறந்தவள், என்ன தோன்றியதோ, "ஆமாடா, ரத்தம் போய்க்கிட்டே இருக்கு, பாரு" என்றாள். பிள்ளை பதறிப்போய் ஓடி, இரண்டு கையாலும் குழாயை முறுக்கி மூடிவிட்டு, அதைத் தடவிக் கொடுத்தான்.

அன்றைக்குப் பிடித்தது இந்த ஆஸ்பத்திரி விளையாட்டு. ஆள் இல்லாத அறையில் எரியும் விளக்கு, பாவம், தூக்கம் வராத நோயாளி. அதன் கண்ணை மூடித் தூங்கவைக்க வேண்டும். ஃபிரிட்ஜின் கதவைத் திறந்துபோட்டு வம்பளக்கக் கூடாது, அதற்கு ஜுரம் வந்துவிடும். மிளகு ஒவ்வொரு குழாயின் மேலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுக் கேட்டு, சமையலறைக் குழாய் முனகும், குளியலறைக் குழாய் குறட்டை விடும் என்று தனித்தனியாகக் குரல் தெரிந்து வைத்திருந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கீழ்வீட்டிலிருந்து அழைப்பு வரும்வரை.

"கொஞ்சம் கீழ வர்றீங்களா?" என்று மாடிப்படியின் அடியிலிருந்து வீட்டுக்கார அம்மாளின் குரல் கேட்டது. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அந்தக் குரலில் 'வர்றீங்களா' என்பது கேள்வி அல்ல.

அம்மா கீழே போய்ப் பார்த்தால், தோட்டத்துக் குழாய் கழுத்துவரை வெள்ளைக் கட்டோடு நின்றுகொண்டிருந்தது. பஞ்சு, அதன்மேல் காஸ் துணி, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்திரி. பக்கத்துச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'ஆபரேஷன் முடிந்தது. தொடாதீர்கள்.' எழுத்து மிளகுடையது. பிளாஸ்திரி ஒட்டிய அழகைப் பார்த்தால் உருண்டையின் கைவரிசை. முந்தின நாள் அலமாரியில் இருந்த ஒரு சுருள் துணி எங்கே போயிற்று என்பது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

சிரிப்பு வந்தது. வீட்டுக்கார அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"என் குழாய்ல எதுக்கும்மா உங்க பிள்ளைங்க கைய வெக்கிறாங்க?"

"மன்னிச்சுக்குங்கம்மா. அது சொட்டுச்சாம். அதான்..."

"அது சொட்டினா நான் பாத்துக்குவேன். நான் கேக்க வந்தது வேற. நீங்க குடிவந்த புதுசுல மொட்டைமாடி டேங்க்கை சாயங்காலம் ரொப்பினா மறுநாள் சாயங்காலம்வரைக்கும் தாங்கும். இப்போ நான் பல் தேய்க்கிறதுக்குள்ள டேங்க் காலி. கீழ நான் ஒருத்தி. மேல நீங்க நாலு பேர். உங்க பிள்ளைங்க எப்பப் பார்த்தாலும் குழாய்கிட்டயே நிக்கிறாங்க. நான் என்ன நினைக்கட்டும், சொல்லுங்க?"

"அவங்க குழாயைத் திறக்க நிக்கலம்மா. மூடத்தான்..."

"மூடுறதுக்கு எதுக்கும்மா அவ்வளவு நேரம்?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் ஸ்டெதஸ்கோப், ஜுரம், ரத்தம் என்று அந்த முகத்துக்கு எதிரே ஆரம்பித்தால் கதை கந்தலாகிவிடும் என்று நாக்கை அடக்கிக்கொண்டாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமைவரைக்கும் பாக்குறேன். டேங்க்ல தண்ணி நிக்கலைன்னா, நீங்க வேற வீடு பாத்துக்குங்க. எனக்கு உங்கமேல கோபம் ஒண்ணும் இல்ல. ஆனா தண்ணியில்லாம என்னால குடும்பம் நடத்த முடியாது."

அவள் ஒவ்வொரு படியாக ஏறினாள். கல்யாணமான பிறகு எத்தனை வீடு மாறியாயிற்று! ஒன்றில் வெயில் எட்டிப் பார்க்காது, ஒன்றில் பக்கத்துப் பட்டறைச் சத்தத்தில் பிள்ளைகள் பகலில் கண்ணயர முடியாது. இந்த வீட்டிலிருந்துதான் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். இந்த வீட்டில்தான் மிளகுக்கு எதிர்வீட்டில் ஒரு சினேகிதி வாய்த்தாள். பால்கனித் தொட்டியில் தக்காளி முதல்முறையாகப் பூ விட்டிருந்தது. மறுபடியும் பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றுவதை நினைத்தாலே கை சோர்ந்தது.

மேலே வந்ததும் அவள் செய்த முதல் காரியம், மிளகின் கழுத்திலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்ததுதான்.

"இனிமே குழாய்ப் பக்கம் யாரும் போகக் கூடாது. விளையாட்டு முடிஞ்சுது."

மிளகு அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அம்மாவை நேராகப் பார்த்து, "அப்ப நாளைக்கு யாரும்மா டியூட்டி?" என்று கேட்டாள்.

அவள் சமையலறைக்குள் புகுந்துகொண்டு தட்டுகளைக் கழுவத் தொடங்கினாள்.

பின்னாலேயே கணவன் வந்து, அவள் கழுவிய தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தான். மூன்று தட்டைத் துடைத்து அடுக்கிய பிறகுதான் பேச்சை எடுத்தான். கார் கற்றுக்கொடுக்கும்போதும் அவன் அப்படித்தான். பள்ளத்தில் இறங்கப் போகிறது என்று தெரியும்வரை வாயைத் திறக்கமாட்டான்.

"ஒண்ணு கேக்கவா? வார்டுல ஒரு பிள்ளைக்கு ஜுரம் இறங்கல. நீ என்ன பண்ணுவ? ஜுரம் அளந்த சிஸ்டர வேலைய விட்டுத் தூக்கிடுவியா?"

"வெளையாடாதீங்க. நானே வெந்துகிட்டு இருக்கேன்."

"நான் வெளையாடல. நம்ம பிள்ளைங்க ஒரு சொட்டு வீணாக்கல. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஷேவிங் பண்ணும்போது குழாயத் திறந்து வெச்சேன்னு என் காதப் பிடிச்சுத் திருகினவன் உன் பையன். அப்ப தண்ணி எங்கதான் போகுது?"

அவள் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது.

எங்கே போகிறது? இதை அவள் தினமும் கேட்கிறாளே! உடம்பு தேறாத பிள்ளைக்கு, உள்ளே எவ்வளவு போயிற்று, வெளியே எவ்வளவு வந்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலையில் பாதி. இரண்டும் ஒத்துப் போகவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளுக்குள் எங்கோ கசிகிறது.

"உள் கசிவு," என்றாள்.

"என்னது?"

"உள்ளுக்குள்ள ரத்தம் கசியுதுங்க. இந்த வீட்டுக்கு."

சனிக்கிழமை மதியம் அவள் தானே கீழே இறங்கிப் போனாள். இந்த முறை மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. "அம்மா, எங்கமேல சந்தேகப்படுங்க, தப்பில்ல. ஆனா ஒரே ஒரு சோதனை. கொஞ்ச நேரம் மேலயும் கீழயும் எல்லாக் குழாயையும் மூடிடுவோம். டேங்க்ல தண்ணி இறங்குதான்னு நீங்களே வந்து பாருங்க."

வீட்டுக்கார அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கணக்குப் பார்த்த மனுஷி. சோதனை என்றால் மறுக்கத் தெரியாது.

அப்பா மொட்டைமாடித் தொட்டிக்குள் துடைப்பக் கட்டையை இறக்கி, தண்ணீர் நனைத்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டினான். எல்லோரும் தொட்டி நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி கட்டையை இறக்கிப் பார்த்தால், பிளாஸ்திரிக்குக் கீழே ஒரு சாண் காய்ந்து கிடந்தது. ஒரு குழாயும் திறக்கவில்லை. ஒரு சாண் தண்ணீரைக் காணோம்!

"பாத்தீங்களா!" என்று துள்ளினாள் அவள்.

துள்ளல் நெடுநேரம் நிற்கவில்லை. அன்று மாலையே வந்த பிளம்பர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மாடிவீட்டுக் குளியலறைச் சுவரில் இருந்த ஈரத் திட்டைத் தட்டிப் பார்த்து, "இங்கதான்" என்று தீர்ப்புச் சொன்னார். "சுவரு உள்ள பைப் போயிருச்சு. முழுசா ஒடைக்கணும். வேலை முடியறவரைக்கும் மேல ஆளுங்க குடியிருக்க முடியாது."

வீட்டுக்கார அம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப அதுவும் உங்க பக்கம்தானா? பிள்ளைங்க தொங்கித் தொங்கியே..." என்று இழுத்து நிறுத்தினார். மிச்சத்தைச் சொல்லவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிளம்பர் உளியும் சுத்தியலுமாக வந்துவிட்டார். குளியலறை வாளிகளை வெளியே எடுத்து வைத்த அவளுக்குக் கண் கலங்கியது. பிளம்பர் உளியைச் சுவரில் வைத்தார். வார்டில் எத்தனை பெரிய டாக்டர் வந்து நின்றாலும், நெஞ்சில் ஒரு தடவை காதை வைக்காமல் கத்தியை எடுப்பதை அவள் பார்த்ததில்லை.

"அண்ணே, ஒரு நிமிஷம்!"

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரி மேல்தட்டிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாள். இறங்கி வந்து மிளகின் முன்னால் மண்டியிட்டு, அதை அவள் கழுத்தில் மாட்டினாள்.

"டாக்டர், டியூட்டிக்கு வரணும். நோயாளிக்குத் தப்பான இடத்துல ஆபரேஷன் பண்ணப் போறாங்களோன்னு சந்தேகமா இருக்கு."

மிளகின் முதுகு நிமிர்ந்தது. குளியலறைச் சுவரில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். கண்ணை மூடினாள். மேலே, கீழே, மறுபடி நடுவில்.

"இங்க ஒண்ணும் இல்லம்மா. இவரு சும்மா தூங்குறாரு."

பிளம்பர் வாய்விட்டுச் சிரித்தார். "பாப்பா, நான் இந்த வேலைக்கு வந்தப்ப உங்க அப்பாவுக்கு மீசையே மொளைச்சிருக்காது."

"எனக்கு இப்பவும் சரியா மொளைக்கல அண்ணே," என்றான் அப்பா. "கொஞ்சம் பாக்கட்டுமே. உங்க உளி எங்கயும் ஓடிடாது."

"எல்லாரும் சத்தம் போடாம இருங்க," என்றாள் மிளகு. "சத்தத்துல நோயாளி பேசுறது கேக்கல."

அப்படி ஓர் அதிகாரம் அந்தக் குரலில். அம்மா மின்விசிறிகளை நிறுத்தினாள். அப்பா இரண்டு வீட்டு ஃபிரிட்ஜையும் அணைத்தான். வாசலில் ஹாரன் அடித்த ஸ்கூட்டர்க்காரரைப் பார்த்து வீட்டுக்கார அம்மாள் உதட்டில் விரலை வைத்து, "உஷ்!" என்றார். சொல்லிவிட்டு, தான்தான் சொன்னோமா என்று அவருக்கே ஆச்சரியம்.

மிளகு சுவரோரமாகக் குழாய் போகிற வழியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சமையலறையில் வெறும் அமைதி. படிக்கட்டில் இறங்கினாள். பின்னால் அம்மா, அப்பா, பிளம்பர், வீட்டுக்கார அம்மாள் எல்லோரும் பூனைபோல் இறங்கினார்கள். நடுவில் உருண்டை ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கி வீட்டுக்கார அம்மாளின் வயிற்றில் வைத்து, "கிடைச்சுருச்சு! இங்க தண்ணி ஓடுது!" என்று கத்தினான்.

"இன்னும் காலையில சாப்பிடலைடா," என்றார் அவர், முகம் சிவக்க. பிளம்பருக்கு இருமல் வந்துவிட்டது.

மிளகு சிரிக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை வாங்கிக்கொண்டு கீழே போனாள். மாடிப்படிக்கு அடியில் வீட்டுக்கார அம்மாளின் செருப்பு அலமாரி இருந்தது. அதன் பக்கத்தில் தரையில் குப்புறப் படுத்து, குழாய் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் வைத்தாள். அசையவில்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அம்மா!" கண்கள் விரிந்தன. "இவருக்கு மூச்சிரைக்குது! நிறுத்தாம இரைக்குது!"

அம்மா குனிந்து வாங்கிக் கேட்டாள். ஆயிரம் பிள்ளைகளின் நெஞ்சைக் கேட்ட காது அது. எந்த மூச்சும் இழுத்தால் விட வேண்டும். நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். இந்தச் சத்தத்தில் இடைவெளியே இல்லை. ஸ்ஸ்ஸ் என்று ஒரே இழுப்பு.

"என்னங்க, மொட்டைமாடிக்கு ஓடுங்க. டேங்க் வால்வை மூடுங்க!"

அப்பா இரண்டிரண்டு படியாகத் தாவினான்.

"மூடிட்டேன்!" என்று மேலிருந்து குரல் வந்தது.

மிளகு கேட்டாள். "நின்னுடுச்சு!"

"திறந்துட்டேன்!"

"வந்துடுச்சு!"

"மூடிட்டேன்!"

"நின்னுடுச்சு! அப்பா, நின்னுடுச்சு!"

பிளம்பர் சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை வாங்கித் தன் காதில் மாட்டினார். மேலே அப்பா வால்வைத் திறந்தான், மூடினான், திறந்தான். பிளம்பரின் வாய் மெல்லத் திறந்தது.

"அட, ஆமா! இது மண்ணுக்குள்ளதான் போயிருக்கு!"

செருப்பு அலமாரி நகர்ந்தது. உளி தரையில் இறங்கியது. ஒரு கல்லைப் பெயர்த்ததுமே அடியில் சேறு தெரிந்தது. அடுத்த கல்லுக்கு அடியில் தண்ணீர் பளபளத்து மேலே எழும்பி, பிளம்பரின் முகத்தில் பீச்சியடித்தது. துருப்பிடித்த பழைய இணைப்பு ஒன்று வாய் பிளந்து கிடந்தது. கீழ்வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போகிற குழாய். மாடிவீட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை!

"குளியலறை ஈரம்?" என்று கேட்டார் வீட்டுக்கார அம்மாள்.

"அது போன மழையில ஊறினது போலிருக்கும்மா," என்றார் பிளம்பர், முகத்தைத் துடைத்தபடி. பிறகு மிளகைப் பார்த்தார். "பாப்பா, இல்ல, டாக்டரம்மா, நல்ல வேளை. இல்லைன்னா நான் ஒரு நல்ல சுவரையே கொன்னிருப்பேன்."

மதியத்துக்குள் புது இணைப்பு போட்டாயிற்று. மிளகு சும்மா விடவில்லை. தோட்டத்துக் குழாயின் கட்டைப் பிரிக்கவைத்து, அதற்கும் புது வாஷர் மாட்டும்வரை பிளம்பரின் பக்கத்திலேயே நின்றாள். அப்புறம் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு எல்லோரும் மறுபடி மொட்டைமாடிக்கு ஏறினார்கள். அப்பா துடைப்பக் கட்டையை இறக்கிப் பிளாஸ்திரி ஒட்டினான். காத்திருந்தார்கள். மறுபடி இறக்கினான். தண்ணீர் பிளாஸ்திரியின் விளிம்பை விட்டு இம்மியும் அசையவில்லை.

அவன் மிளகைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியை ஒரு சுற்றுச் சுற்றினான். தனக்கும் வேண்டும் என்று உருண்டை அழுததால், அவனைத் தூக்கிக்கொண்டு அம்மாவும் சுற்றினாள். உருண்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது சாமானியமல்ல. இருந்தாலும் அன்று அவளுக்குக் கனமே தெரியவில்லை. கணவன் பக்கத்தில் வந்தபோது அவள் காதருகே, "சிஸ்டர், கண்ணைத் துடைச்சுக்க. தண்ணி வீணாகுது" என்றான். அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

வீட்டுக்கார அம்மாள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"வேற வீடு பாக்கச் சொன்னேனே..."

"ஆமாம்மா," என்றாள் அவள்.

"பாத்துட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"பாக்காதீங்க," என்றார் அவர் வேகமாக. "நான் உயிரோட இருக்கிறவரைக்கும் பாக்காதீங்க. இந்தப் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா நான் யாருகிட்டம்மா காட்டுவேன் என் வீட்டை?"

அடுத்த மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் இவர்கள் போட்ட கூச்சலைக் கேட்டுச் சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன விசேஷம்? ஒரே கொண்டாட்டமா இருக்கு?"

வீட்டுக்கார அம்மாள் திரும்பினார். அந்த முகத்தில் அவ்வளவு பெரிய சிரிப்பை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

"எங்க வீட்டு டாக்டருங்க பெரிய ஆபரேஷன் ஒண்ணு முடிச்சுட்டாங்க. தரைக்குள்ள இருந்த ஓட்டையக் காதாலயே கண்டுபிடிச்சுட்டாங்க, தெரியுமா!"

"நிஜமாவா? எங்க வீட்லயும் தண்ணி நிக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் அனுப்புறீங்களா?"

வீட்டுக்கார அம்மாள் பெருமையோடு மிளகின் பக்கம் கையைக் காட்டினார், கேட்க வேண்டியது அவளிடம் என்பதுபோல. அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த மிளகு, ஸ்டெதஸ்கோப்பைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"நாளைக்கு வர்றோம் ஆன்ட்டி. வீட்டுப்பாடம் முடிச்சுட்டு வர்றோம். அதுவரைக்கும் எல்லாக் குழாயையும் இறுக்கி மூடி வையுங்க."